பதினெட்டு நாள் போரும் மூன்று ஷிப்டும்

காஞ்சிபுரத்துக்கு அருகே கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேடு ஒன்று உண்டு; ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்தது. பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காகப் பிரித்து எது யாருக்கு என்று அது எழுதிவைக்கிறது. இருபது பங்கு நான்மறை வல்ல இருபது பேருக்கு. மூன்று பங்கு கோயில் பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும். மிச்சம் இரண்டில் ஒன்று கூரத்து மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் கொடுக்க. மற்றொன்று அந்த மண்டபத்தில் பாரதம் வாசிக்க. ஒரு கதையைச் சொல்லிக் கேட்க நிலம் எதற்கு என்று தோன்றலாம். பாரதம் வாசிக்கிறவர் அந்த நேரத்தில் வேறு பிழைப்பைப் பார்க்க முடியாது. அவருக்கான நெல் வேறெங்கிருந்தாவது வந்தாக வேண்டும். கேட்கிறவர்களுக்கு விளக்கு வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும். கற்பனைக்குச் செலவில்லை, அதற்காக உட்காரும் நேரத்துக்குத்தான் செலவு. மாவீரர்களின் கதைக்குள் மனிதர்கள் கூடிப் புகுந்து விளையாடும் வழக்கத்தின் வரலாறு என்பது, அந்த நேரத்தை யார் கொடுத்தார்கள், யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதன் வரலாறுதான் என்பது என் வாதம். கூரத்துக்குக் கிழக்கே உள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலை வட்டாரத்தில் ஒரே தலைமுறைக்குள் நேரம் கைமாறியிருக்கிறது. அதனால் வாதத்தைச் சோதித்துப் பார்க்க அது நல்ல இடம்.

முதலில் கடல் கடந்த உதாரணம் ஒன்று. சூப்பர்ஹீரோ ரோல்பிளே ஆட்டம் தமிழ் வாசகர் பலருக்குப் பழக்கமில்லாதது. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தாள். அதில் அவருடைய வீரனின் பெயர், சக்தி, பலவீனம், அவற்றுக்கான எண்கள். ஒருவர் மட்டும் வீரனாக மாட்டார். கேம் மாஸ்டர் என்ற பெயரில் ஊரும் வில்லனும் மழையும் அவரே. பாலம் இடிகிறது, நடுப்பாலத்தில் பஸ் நிற்கிறது, உள்ளே பிள்ளைகள், நீ என்ன செய்கிறாய் என்று அவர் கேட்பார். செய்ய நினைப்பதை ஆடுகிறவர் சொல்வார். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். மேடை இல்லை, பார்வையாளர் இல்லை, பேச்சுதான் ஆட்டம். 1974-ல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு முதல். 1977-ல் சூப்பர்ஹீரோ 2044, 1979-ல் வில்லன்ஸ் அண்ட் விஜிலாண்டிஸ், 1981-ல் சாம்பியன்ஸ், 1984-ல் மார்வெல் சூப்பர் ஹீரோஸ் என்று முகமூடி வீரர்கள் பின்னாலேயே வந்தார்கள். தமிழில் அந்த வீரர்கள் வாசிப்பாக மட்டுமே வந்தார்கள். 1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் ஒருவன் அதன் நாயகன். தொழிற்பேட்டைக்கென்றே செய்த வீரன் என்று சொல்லலாம், அன்றைக்கு ஒரகடத்தில் தொழிற்பேட்டை இல்லை என்பதைத் தவிர.

இந்த ஆட்டம் பிறந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். ஆட்டம் பிரபலமாகி, அதற்கு ரசிகர்கள் சேர்ந்து, பிறகு கன்வென்ஷன் நடத்தினார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். நடந்தது தலைகீழ். 1968 ஆகஸ்டில் கேரி கைகாக்ஸ் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரின் தோட்டக்கலை மண்டபத்தை 50 டாலருக்கு வாடகை பிடித்து, தலைக்கு ஒரு டாலர் வசூலித்து, போர் விளையாட்டுப் பிரியர்கள் சுமார் நூறு பேரைக் கூட்டினார். அதுதான் முதல் ஜென் கான். மறு ஆண்டுக் கூட்டத்தில்தான் டேவ் ஆர்னசனைச் சந்தித்தார். ஐந்தாண்டு கழித்து அந்த இருவர் பெயரிலும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது. திருவிழா முந்தியது, ஆட்டம் பிந்தியது. அவர்களுடைய பிழைப்பையும் பார்க்கலாம்: கைகாக்ஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஊழியர், அந்த வேலை போனபின் செருப்புத் தைத்தவர், ஆர்னசன் செக்யூரிட்டி வேலை பார்த்தவர். சம்பளத்துக்கு நேரத்தை விற்ற இவர்களுக்கு மிஞ்சியது வார இறுதி. அமெரிக்காவில் 1938-ல் வந்த சட்டம் 1940-க்குள் வாரத்துக்கு 40 மணி நேர வேலையை நிலைநிறுத்தியிருந்தது. சனி, ஞாயிறு இரண்டும் ஒரு நாட்டுக்கே பொதுவான நேரமாயின. கன்வென்ஷன் மேசைகளில் ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக நாலு மணி நேரம், வீரர்களின் தாள்கள் முன்கூட்டியே தயார், நேரம் முடிந்ததும் அடுத்த கூட்டம் என்ற ஒழுங்கும் அங்கேதான் வளர்ந்தது. 1975-ல் பால்டிமோரில் நடந்த முதல் ஆரிஜின்ஸ் கூட்டத்துக்கு கைகாக்ஸ் கொண்டுபோன டூம் ஆஃப் ஹாரர்ஸ் போட்டிக்காகவே எழுதப்பட்டது. கையில் இருந்த நேரத்துக்கு ஏற்பத்தான் ஆட்டம் தைக்கப்பட்டது. இன்று இண்டியானாபொலிஸில் எழுபதாயிரம் பேருக்கு மேல் கூடும் ஜென் கானை ஆண்டு முழுதும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறவர்கள், ஒருவகையில் அந்த வார இறுதிச் சட்டத்தின் பிள்ளைகள்.

இப்போது தொண்டைமண்டலத்துக்கு வரலாம். காஞ்சிபுரம், செய்யாறு, திருவண்ணாமலை வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பங்குனி, சித்திரையில் தொடங்கி ஆடிவரை பாரத விழா நடக்கும். கொடியேற்றிக் காப்புக் கட்டிவிட்டால் ஊரை விட்டுப் போய் வெளியூரில் இராத்தங்கக் கூடாது என்பது வழக்கம். பத்து நாளோ பதினெட்டு நாளோ அதற்கு மேலோ, பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துச் சொல்வார். பிற்பகுதி இரவுகளில் அதே கதை கூத்தாக வரும். பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், கடைசியாகப் பதினெட்டாம் போர். ஊர் முழுதும் இந்த நாட்களில் ஒரே கதைக்குள் குடியிருக்கும். பகாசுரனுக்குச் சோறு கொண்டுபோகும் பீமன் வண்டியேறித் தெருத்தெருவாக வருவான். வீட்டுக்கு வீடு உண்மையான சோறும் பலகாரமும் வண்டியில் ஏறும். தபசு நாளில் நட்டுவைத்த உயரமான மரத்தில் அர்ச்சுனன் பாடிக்கொண்டே ஏறி, மேலேயிருந்து எலுமிச்சையும் விபூதியும் வீசுவான். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். அந்த அர்ச்சுனனை நடிகன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

கூத்துக் களரியில் கட்டை வேடம் வரும் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மரத்தால் செய்து கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் பதித்த கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், முகத்தில் அரிதாரம். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் வீரன் நிற்பான். முகவீணை கூவும், சலங்கைக் கால் திரைக்குக் கீழே தெரியும், கிரீடத்தின் முனை மேலே தெரியும், ஆள் தெரியாது. திரை விலகினாலும் ஆட்டம் உடனே தொடங்கிவிடாது. கட்டியக்காரன் குறுக்கே வந்து விசாரிப்பான்: யாரய்யா நீ, எந்தத் தேசம், யார் மகன், இங்கே என்ன வேலை? துரியோதனனாகவே இருந்தாலும் தன் குலம், பலம், பகை எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொல்லித்தான் உள்ளே வரவேண்டும். அமெரிக்க மேசையில் தாளில் எழுதியிருப்பது இங்கே பாட்டிலும் வசனத்திலும் வருகிறது. கேள்வி கேட்கிற கட்டியக்காரனே காவலாளி, தூதன், ஊர்க்குடிமகன், கோமாளி என்று மற்றெல்லாமாகவும் மாறுவான். அரசனை மடக்குவான், உள்ளூர் விஷயத்தை இழுத்துவிட்டுச் சிரிக்கவைப்பான், கதை நீண்டால் வெட்டுவான். கேம் மாஸ்டர் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் இவனுக்குத் தெரியும்.

வீரனை உருவாக்கும் கணக்கிலும் இரண்டுக்கும் உறவு உண்டு. சாம்பியன்ஸ் ஆட்டத்தின் பெரிய கண்டுபிடிப்பு, பலவீனத்துக்கு மதிப்பெண் கொடுத்தது. விடாமல் துரத்தும் ஒரு பகைவன், வெளியே சொல்ல முடியாத ஒரு ரகசியம், மீற முடியாத ஒரு வாக்கு என்று சுமைகளை ஏற்றுக்கொண்டால், அவற்றுக்கு ஈடாகச் சக்திகளை வாங்கிக்கொள்ளலாம். கர்ணனுக்கு அப்படி ஒரு தாள் எழுதிப் பாருங்கள். கவச குண்டலம், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாத விரதம், அதனாலேயே கவசம் போனது. குருவின் சாபம், தேர்ச் சக்கரம் புதையும் சாபம், நாகாஸ்திரத்தை மறுமுறை விடுவதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கு, பிறப்பை மறைத்த ரகசியம். போதாக்குறைக்கு, குலம் தெரியாதவன் என்று அவனை ஏளனம் செய்யும் மனைவி பொன்னுருவியையும் கூத்து சேர்த்துக்கொள்கிறது. கர்ண மோட்சத்துக்கு விடியும்வரை ஆள் உட்கார்ந்திருப்பது அவன் ஜெயிப்பானா என்று பார்க்க அல்ல. இத்தனை சுமையோடு அவன் எப்படி நிற்கிறான் என்று பார்க்க.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். கூத்தின் முடிவு எழுதிவைத்தது; பீமன் தோற்க முடியாது; ரோல்பிளே ஆட்டத்தில் முடிவு திறந்திருக்கிறது, பகடை சாய்த்தால் வீரன் விழுவான்; இரண்டையும் எப்படி ஒரே வரிசையில் வைப்பது? இந்த வேறுபாடு உண்மையானது, அதைப் பூசி மெழுகுவதில் பயனில்லை. பகடை கூத்திலும் இருக்கிறது, ஆனால் சகுனியின் கையில், கதைக்குள்ளே, வஞ்சகத்தின் கருவியாக. நேர்மையான பகடையின் முன் வீரனை நிறுத்திப் பார்க்கும் துணிவு பாரத விழாவுக்கு இருந்ததில்லை. தெய்வக் கதையில் அதற்கு இடமுமில்லை. ஆனால் முடிவு தெரிந்தால் ஆட்டம் இல்லை என்று ஆகாது. சூப்பர்ஹீரோ கதையின் வாசகனுக்கும் பேட்மேன் சாகமாட்டான் என்பது தெரியும். கூத்தில் பாட்டு பாடம், வசனத்தில் பெரும்பகுதி அந்தந்த இரவுக்கானது; எதிரே நிற்பவன் என்ன கேட்பான் என்று தெரியாமல்தான் ஒவ்வொருவனும் பதில் சொல்கிறான். என் வாதத்துக்கு வேண்டியதும் முடிவு அல்ல. அந்த இரவை எல்லாரும் சேர்ந்து ஒதுக்கிவைத்தார்கள் என்பதுதான்.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது: கூத்தாடுகிறவர்கள் தொழில்முறைக் குழுக்கள், ஊரார் வெறும் பார்வையாளர்கள், மேசையாட்டத்திலோ எல்லாரும் ஆடுகிறார்கள். காஞ்சிபுரம் வட்டாரத்துக் கட்டைக்கூத்தைப் பொறுத்தவரை இதில் பாதி சரி. புரிசைத் தம்பிரான் குடும்பம்போல் தலைமுறையாக ஆடிவந்தவர்களின் கலை இது. ஆயினும் வடதமிழ்நாட்டில் வாத்தியார் ஒருவரை அமர்த்தி, மாதக்கணக்கில் இரவில் பழகி, ஊர்ப்பிள்ளைகளே வேடம் கட்டி அரங்கேறுவதும் வழக்கம்தான். மட்டக்களப்பில் அதுவே விதி. அண்ணாவியார் ஊராருக்குள் பாத்திரங்களைப் பகிர்ந்து, சட்டம் எனப்படும் பாட ஏட்டைக் கொடுப்பார். பல மாதப் பயிற்சிக்குப் பின் சதங்கை அணி விழா, பிறகு வட்டக் களரியில் அரங்கேற்றம். அங்கே அர்ச்சுனன் விவசாயி, தருமன் மீனவன். இங்கேயும் படுகளத்தன்று பார்வையாளர் என்று ஒருவரும் இல்லை. மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன் ஊர்த்திடலை அடைத்துக் கிடப்பான். பீமன் தொடையில் அடிப்பான், உள்ளே புதைத்த செந்நீர் கொப்பளிக்கும், அதைத் தொட்டுத் திரௌபதி விரித்த கூந்தலை முடிப்பாள், இறந்தவனுக்காக ஒப்பாரியும் எழும். அன்று மாலையே காப்புக் கட்டியவர்கள் தீயில் இறங்குவார்கள். இதில் யார் ஆடுகிறார், யார் பார்க்கிறார் என்று கோடு கிழிக்க முடியாது.

ஆனாலும் அந்த இரவுகளை நினைத்து ஏங்குவதற்கில்லை. ஊர் கொடுத்த நேரம் எல்லாருக்கும் சமமாகக் கிடைத்த நேரம் அல்ல. திரௌபதியாக நின்றது ஆண். பெண்கள் மடியேந்தி நிற்கலாம், மரமேற முடியாது. எந்தத் தெருவுக்குச் சாமி வரும், யார் எங்கே உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. கலையைக் கைதட்டி ரசித்தவர்களே கூத்தாடி என்ற சொல்லை வசவாகவும் வைத்திருந்தார்கள். இந்தக் கணக்கைத் திருத்த முயன்றவர்கள் உண்டு. கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் முதலானோர் 1990-ல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002-ல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் ஒரு குருகுலம் அமைத்து, பள்ளிப் படிப்போடு கூத்தையும் ஆண் பெண் இருபாலருக்கும் கற்றுக்கொடுத்தது. ராஜகோபாலோடு அதை நடத்தியவர் ஆய்வாளர் ஹன்னே டி புரூயின். அங்கே படித்த பெண்கள் கட்டை வேடம் கட்டிக் களரியில் நின்றார்கள். அந்தப் பள்ளி 2020-ல் மூடப்பட்டது.

இதே ஆண்டுகளில்தான் கிழக்கே நேரம் கைமாறியது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-ல் மூடியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்ட். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடம் சந்திப்பு, ஏரிப்பாசன ஊர்களின் நடுவே கம்பெனி பஸ்கள் திரும்பும் இடமானது. அறுவடை முடிந்த மாதங்கள் ஓய்வு மாதங்கள் என்ற கணக்கில்தான் பாரதத்துக்கு நாள் குறித்தார்கள். ஆலையின் உற்பத்தி லைனுக்கு அறுவடை கிடையாது. இரவு ஷிப்ட்காரருக்குக் கூத்து நேரம்தான் வேலை நேரம். காலை ஷிப்ட்காரர் விடியற்காலையில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். நிலம் விற்ற பணத்தில் கோயில்கள் பெரிதாயின, ஒலிபெருக்கியும் சீரியல் விளக்கும் கூடின, ஆகவே விழா வளர்ந்திருக்கிறது என்று வாதிடலாம். பணம் கூடியது மெய்தான். பல ஊர்களில் படுகளமும் தீமிதியும் ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேர்ந்திருப்பதும் மெய்தான். பதினெட்டு நாளில் ஒரு நாளுக்கு மட்டும் முழுக் கூட்டம் வருகிறது என்றால், மிச்சப் பதினேழு நாளும் யாரிடம் போயின என்று கேட்க வேண்டும்.

விடை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாள் விடுப்பு. 1958-ல் தமிழ்நாட்டில் இயற்றிய தொழில் நிறுவன விடுமுறைச் சட்டம், தேசிய விடுமுறை நாட்கள் நான்கு போக, பண்டிகைக்கென்று ஆண்டுக்கு ஐந்து நாள் கொடுத்தது. பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி என்று எண்ணிக்கொண்டே போனால் ஐந்து தீர்ந்துவிடும். ஊருக்கு ஒரு தேதியில் வரும் பாரதத்துக்கு அதில் இடமில்லை. 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதாவுக்கு ஆதரவாகச் சொன்ன காரணம் இந்த இடத்தில் சுவையானது: நாலு நாள் நீண்ட நேரம் உழைத்தால் மூன்று நாள் ஓய்வு கிடைக்குமே. எதிர்ப்பு எழுந்து மே நாளில் மசோதா திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்தவர்கள் உடல் களைப்பைச் சொன்னார்கள். அதுவே போதுமான காரணம். இன்னொன்றும் உண்டு. மூன்று நாள் ஓய்வு ஆளுக்கொரு கிழமையில் விழுந்தால் அது தூங்க உதவும், கூட உதவாது. விழாவுக்கு வேண்டியது ஓய்வின் அளவல்ல, ஒரே நேரத்தில் எல்லாருக்கும் ஓய்வு.

சென்னையின் முதல் காமிக் கான் 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஒரு சனி, ஞாயிறில் நடந்தது. அந்த மையம் இருக்கும் பூந்தமல்லி சாலையே மேற்கே போய் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையோடு சேர்கிறது. பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் சனி, ஞாயிறு இரண்டும் ஓய்வு என்ற அலுவலக உலகத்துக்காக நடப்பது அது; ஆறு நாள் வாரக்காரருக்கு அதில் பாதிதான் எட்டும், நுழைவுச்சீட்டு விலை வேறு. கன்வென்ஷன் வந்துவிட்டது, இனி பாரதத்தின் இடத்தை அது பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. மேசையாட்டத்தின் சங்கதி வேறு. பாரதம் நடக்க ஓர் ஊர் வேண்டும், கன்வென்ஷன் நடக்க ஒரு நகரத்தின் வார இறுதி வேண்டும். ஆட்டம் நடக்க நாலைந்து பேரும் நாலு மணி நேரமும் போதும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 படுக்கைகள். அங்கே தங்க வருகிறவர்கள் பல மாவட்டத்துக்காரர்கள். எந்த ஊர்க் காப்பும் அவர்களைச் சேர்த்துக் கட்டாது. ஒரே ஷிப்டில் போய் ஒரே பஸ்ஸில் திரும்பும் நாலைந்து பேருக்கு வார விடுப்பு மட்டும் பெரும்பாலும் ஒரே நாளில் விழும்.